வீரம்மாவின் கூரைக்கு மூன்று முடிவுகள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. ஒருவர் வந்து கேட்டு, நான் ஒப்புக்கொண்டு, பிறகு ஏன் ஒப்புக்கொண்டேன் என்று நொந்துகொண்டே எழுதுவது. கலியாண வீட்டுக்கு வாழ்த்துமடல் எழுதித் தரச் சொல்வார்கள், செத்தவீட்டுக்கு நினைவுப் பாட்டாகக் கல்வெட்டு எழுதித் தரச் சொல்வார்கள். தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்று, ஒரேயொரு சிறுகதைத் தொகுதி போட்டு, அதில் இருநூற்றுச் சொச்சம் பிரதிகளை இன்னமும் வளவுத் தகரக் கொட்டிலுக்குள் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கும் எனக்கு அவை பழகிப்போன வேலைகள். ஆனால் ஒருவரிடம் நேரில் சொல்ல முடியாததைக் கதையாக எழுதித் தாருங்கள் என்று வந்து நின்றவர் சாரங்கா ரீச்சர் ஒருவர்தான்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு ஒரே ஒரு வாசகர்தான். அவர் பெயர் வீரம்மா. தர்மபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துப்புரவாக்குகிறவர். நீங்கள் அவரில்லையென்றால், அடுத்தவருக்கு வந்த கடிதத்தைப் பிரித்து வாசிக்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தபால் கந்தோரில் இருந்தவன் சொல்கிறேன், அதில் ஒரு சுவை இருக்கத்தான் செய்கிறது.

சாரங்கா வந்தபோது நான் கோழிக்கூட்டடியில் நின்றேன். அப்போது என் கூட்டுக்கு மேல் ஒரு அஸ்பெஸ்டஸ் சீற் கிடந்தது. முன்பு அது பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக்கு நடுவே மறைப்பாக நின்ற சீற். அதில் நீல மையால் ‘தரம் 3 ஆ’ என்று எழுதியிருக்கும், கூட்டின் மேல் தலைகீழாக. வருகிறவர்களிடம், என் கோழிகள் மூன்றாம் தரம் படிக்கின்றன என்று பகிடி விடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

சாரங்கா சிரிக்கவில்லை. “ஐயா, இந்தச் சீற்றைத் திருப்பி எடுக்கத்தான் வந்தனான்” என்றார். பிறகு அங்கே கிடந்த கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். ஒரு கோழிக்கூட்டுக் கூரைக்காக யாராவது அழுவார்களா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போதும் முழுதாக விளங்கியது என்று சொல்ல மாட்டேன்.

2

[முதல் தொடக்கம்: ‘கார்த்திகை மாத மழை தர்மபுரத்தின் மேல் இரவு பகலாக’ —]

விட்டுவிட்டேன். மழையில் தொடங்கும் கதை என் தொகுதியிலேயே நான்கு இருக்கிறது.

[இரண்டாம் தொடக்கம்: ‘அஸ்பெஸ்டஸ் என்பது கல்லுக்குள் இருக்கும் ஒரு நார். அதைச் சீமெந்தோடு சேர்த்து அழுத்தினால் கூரைச் சீற். உடையாமல் பேசாமல் கிடக்கும்வரை அதனால் பெரிய தொல்லையில்லை. வெட்டினால், துளைத்தால், தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார் தூசாகப் பறக்கும். மூச்சோடு நெஞ்சுக்குள் போய் அங்கேயே தங்கும். அதனால் வரும் வருத்தம், புற்றுநோய்கூட, இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான் தெரியும். வராமலும் போகும்.’]

இது பாடப்புத்தகம் போல இருக்கிறது. ஆனாலும் அழிக்கவில்லை. அழித்தால் இந்தக் கதையில் யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரியாமல் போகும். ‘வராமலும் போகும்’ என்ற அந்தக் கடைசி வரியில்தான் நான் இரண்டு நாள் மாட்டுப்பட்டுக் கிடந்தேன். வரும் என்றால் வரும் என்று எழுதலாம். வராது என்றால் கதையே வேண்டாம். இரண்டும் இல்லாத ஒன்றை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

2 (மறுபடியும்)

சரி, துண்டு குலுக்கிய நாளிலிருந்து தொடங்குகிறேன். கதைக்குள் சாரங்காவை ‘அவள்’ என்று எழுதுவேன். மகள் வயது. வீரம்மாவை ‘அவர்’ என்றுதான் எழுதுவேன். வாசகரை அவள் இவள் என்று எழுத முடியாது.

கார்த்திகை மழையில் பாலை மரக் கொப்பொன்று முறிந்து மூன்றாம் தரக் கட்டடத்தின் மேல் விழுந்தது. அரைவாசிக் கூரை நொறுங்கியது. மிச்சத்தையும் வகுப்பு மறைப்புகளையும் கழற்றிவிட்டுப் புதுத் தகரம் போட்டார்கள். கழற்றியதில் உடையாத சீற்றுகள் இருபத்துநான்கு மிஞ்சின. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வீட்டைக் கைவிட்டாலும் கூரையைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போன சனம் நாங்கள். நல்ல சீற்றைத் தூக்கி எறிவது எங்களில் ஒருவருக்கும் கைவராது. வீட்டுக்கு இரண்டாகப் பன்னிரண்டு வீட்டுக்குக் கொடுப்பது என்று அதிபர் பிரதாபன் முடிவெடுத்தார். யார் யாருக்கு என்பதற்குத் துண்டு குலுக்குவது. பள்ளிக்கூடத்தில் எதைப் பங்கிட்டாலும் அப்படித்தான். யாருக்கும் மனத்தாங்கல் வராது.

பெயரெழுதும் வேலை சாரங்காவுக்கு. பழைய பரீட்சைத் தாள்களின் வெறும் பக்கத்தைக் கத்தரித்து அறுபத்துமூன்று குடும்பங்களின் பெயரையும் எழுதினாள். சண்டைக் காலத்தில் கொப்பி கிடைக்காமல் பழைய தாளின் பின்பக்கத்தில் படித்து வளர்ந்தவள். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் கடதாசியை அவள் கிழிக்கவும் மாட்டாள், கசக்கவும் மாட்டாள்.

வீரம்மாவின் பெயர் வந்தபோது பேனை நின்றது. அவருடைய மகள் யதுர்ஷிகா இவளுடைய வகுப்பு. மழை நாட்களில் அந்தப் பிள்ளையின் புத்தகங்கள் ஊறிப்போய் வரும். ஒரு அறை வீடு, கறள் பிடித்த தகரம், படுக்கிற இடத்துக்கு மேலேயே ஓட்டை. இரவில் தாய் கட்டிலுக்கு மேல் வாளி பிடித்துக்கொண்டு இருப்பதாகப் பிள்ளை ஒருநாள் வகுப்பில் சாதாரணமாகச் சொன்னது. சாரங்கா ஒரு துண்டில் வீரம்மா என்று எழுதினாள். அரைப் புள்ளியைக்கூட யாருக்கும் கூட்டிப் போடாதவள், இன்னொரு துண்டை எடுத்து அதிலும் வீரம்மா என்று எழுதினாள். பிறகு இன்னொன்று. ஐந்து துண்டு எழுதினாள்.*

(* ஐந்து என்பது அவர் என்னிடம் சொன்ன கணக்கு.)

அடுத்த நாள் சனிக்கிழமை. அதிபர் கண்ணை மூடிக்கொண்டு பிஸ்கட் ரின்னுக்குள் கையை விட, சாரங்கா துண்டைப் பிரித்து வாசிக்க, கூட்டம் நடந்தது. ஐந்தாவது துண்டு, வீரம்மா. பின்னால் விளக்குமாற்றோடு நின்றவர் “எனக்கா? எனக்குத்தானா?” என்று மூன்று தரம் கேட்டார். சனம் கைதட்டியது. சாரங்காவுக்கு அப்படி ஒரு சந்தோசம்.

எட்டாவது துண்டைப் பிரித்தாள். மறுபடியும் வீரம்மா.

“வாசியுங்கோ ரீச்சர்” என்றார் அதிபர்.

சாரங்கா நிமிர்ந்து பார்த்தாள். முன்வரிசையில் ஒரு கிழவர் பாதி நித்திரையில் இருந்தார். அவருடைய பேரப்பிள்ளை இரண்டாம் தரம். நல்ல ஓட்டு வீடு. “மயில்வாகனம்” என்று வாசித்தாள்.

அந்தக் கிழவர் நான்தான். எழும்பி ஒரு சிறிய நன்றியுரையும் ஆற்றினேன். எழுத்தாளன் என்றால் சும்மா வாங்கிக்கொண்டு போக முடியுமா?

அடுத்த நாள் வீரம்மா பள்ளிக்கூட வாசல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். பிறந்ததிலிருந்து தனக்கு விழுந்த ஒரேயொரு அதிட்டம் அதுதான் என்று வழியில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

3

ஆனி மாதம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. பள்ளிக்கூடக் கட்டடங்களில் உள்ள அஸ்பெஸ்டஸைப் பற்றி. சாரங்கா அதை ஐந்து தரம் வாசித்தாள். நான் ஒன்பது தரம் வாசித்தேன். கதைக்கு வேண்டியது இரண்டு பந்திகள்.

பந்தி 2: நல்ல நிலையில் கூரையில் உள்ள சீற்றுகளை அப்புறப்படுத்தத் தேவையில்லை. அவற்றை வெட்டவோ, துளைக்கவோ, தேய்க்கவோ கூடாது.

பந்தி 4: கழற்றப்பட்ட சீற்றுகளை மீண்டும் பாவிக்கவோ, எவருக்கும் வழங்கவோ கூடாது. நீரால் நனைத்து, உடைக்காமல், தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றி, எழுதி ஒட்டி, பூட்டிய இடத்தில் வைத்து அறிவிக்க வேண்டும்.

இப்போது வீரம்மாவின் இரண்டு சீற்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை கூரையில் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆகவே தொடக் கூடாது. அவை கழற்றப்பட்டுக் கொடுக்கப்பட்டவை. ஆகவே இருக்கவே கூடாது. கழற்றினால் தூசு பறக்கும். விட்டால் விட்ட குற்றம். சுற்றுநிருபம் எழுதியவருக்கு எங்களைப் போல ஒரு சனம் இருக்கும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை, பாவம். பள்ளிக்கூடத்துக் கூரையைத் துண்டு குலுக்கிப் பங்கிடுவார்கள் என்று யார் கண்டது?

சாரங்கா அதிபரிடம் போனாள்.

“ரீச்சர், நாங்கள் தையில குடுத்தாச்சு. கடிதம் ஆனியில வருது. நாங்கள் என்ன வருங்காலம் சொல்லுற சாத்திரியே?” என்றார் பிரதாபன்.

“அந்தப் பிள்ளை அதுக்குக் கீழதான் படுக்கிறாள், சேர்.”

“பந்தி ரண்டை வாசியுங்கோ. நல்லா இருந்தால் தொடக் கூடாது.”

“அப்ப பந்தி நாலு?”

“அதை நான் வாசிக்கேல்லை” என்றார் அதிபர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அன்று பின்னேரமே, இரண்டு பந்தியில் எதைப் பின்பற்றுவது என்று கேட்டு மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டார். பதில் இன்னும் வரவில்லை.

சாரங்காவும் பேசாமல் இருந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். [இந்த வரியை அவர் அழிக்கச் சொன்னார். நான் அழிக்கவில்லை.] ஆனால் அந்தக் கிழமை இடைவேளையில் யதுர்ஷிகா படிக்கட்டில் குந்தியிருந்து எதையோ உரசிக்கொண்டிருந்ததைக் கண்டாள்.

“என்ன பிள்ளை அது?”

“சில்லு, ரீச்சர். சில்லுக்கோடு விளையாட. வீட்டுக் கூரையில மூலை ஒண்டு உடைஞ்சு விழுந்தது. மூண்டு நாளாத் தேய்ச்சனான். பாருங்கோ, நல்ல வட்டம்!”

உண்மையிலேயே நல்ல வட்டம். பிள்ளை வெள்ளைத் தூளை வாயால் ஊதிவிட்டு, கையைக் கவுணில் துடைத்துக்கொண்டு கோட்டுக்கு ஓடியது. சாரங்கா அந்தப் படிக்கட்டில் மணி அடித்த பிறகும் நின்றாள்.

4

(இந்தப் பகுதி என்னைப் பற்றியது. வேண்டாமென்றால் தாண்டிப் போகலாம்.)

எனக்குக் கிடைத்த சீற் கூட்டுக்கு நீளமாக இருந்தது. தச்சு வேலை செய்யும் மூக்கனைக் கூப்பிட்டேன். வாளால் அறுத்தான். மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். “ஆடாம புடிங்க சார், ஆடாம புடிங்க” என்பான், நான் பகிடி சொல்லிச் சிரிக்க வைப்பேன், சீற் ஆடும். இரண்டு பேரும் மாப் பூசினதுபோல வெள்ளையாக நின்றோம். போன கிழமை கணக்குப் பார்த்தேன். எனக்கு அறுபத்தொன்பது வயது. அந்த வருத்தம் வருவதற்கு நான் நூறு வயது வரை இருக்க வேண்டும். வந்தால் வரட்டும், விழா எடுக்கலாம். மூக்கனுக்கு நாற்பது. அவனிடம் சொன்னேன். “அப்பிடியா சார்?” என்றுவிட்டு, தான் அறுத்த சீற்றுகளை விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். இரண்டு கையும் முடிந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டான். 

‘தரம் 3 ஆ’ இப்போது நனைக்கப்பட்டு, இரட்டைப் பொலித்தீனுக்குள், பள்ளிக்கூடக் களஞ்சியத்தில். என் பங்கின் மற்றச் சீற்றும் அங்கேதான். கோழிகள் தென்னோலைக் கிடுகின் கீழ். அவை ஒரு வித்தியாசத்தையும் கண்டதாகத் தெரியவில்லை.

யதுர்ஷிகாவுக்கு ஒன்பது வயது. ஒன்பதோடு முப்பதைக் கூட்டினால் முப்பத்தொன்பது. இந்தக் கதையில் கணக்கென்று பார்த்தால் அந்த ஒன்றுதான்.

5

சாரங்கா சொல்லத்தான் போனாள். அதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அவளைக் கோழை என்று நினைப்பீர்கள். நான் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. சோளகக் காற்று மண்ணை வாரி அடித்தது. வீரம்மா கதிரைக்கு மேல் கதிரை வைத்து ஏறி நின்று, கம்பிப் பிறஷால் கூரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காற்றில் வெள்ளையாகப் பறந்தது.

“வாங்க டீச்சர், வாங்க! பாசியத் தேச்சுக்கிட்டு இருக்கேன்.”

“ஏன்... ஏன் தேய்க்கிறீங்கள்?”

“ஸ்கூல் கூரையாச்சே. பாசி புடிக்க வுடலாமா? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தேச்சிருவேன். அப்பிடியே புதுசாட்டம் இருக்கு பாருங்க.”

“இறங்குங்கோ, வீரம்மா.”

“இதோ முடிஞ்சிருச்சு டீச்சர்.”

“இறங்குங்கோ!”

அவள் குரல் உயர்ந்ததும் வீரம்மா பயந்து இறங்கினார். ஏதோ பிழை செய்துவிட்டேன் போல என்று கையைத் துடைத்தார். பிறகு ரீச்சர் வெயிலில் வந்ததால் கோபம் என்று தானே முடிவு கட்டி, தேத்தண்ணி போட்டார். கட்டிலுக்கு மேல் அந்த இரண்டு சீற்றும் பளிச்சென்று இருந்தன. “சித்திர மழைக்கு ஒரு சொட்டு வுழல டீச்சர். அன்னைக்குத்தான் புள்ள விடியவிடியத் தூங்குச்சு” என்றார். சாரங்கா சர்க்கரையைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தாள். இது அதிட்டமில்லை, நான் செய்த களவு என்று சொல்ல வேண்டும். இது கூரையில்லை, நஞ்சாகலாம் என்று சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது? ஒன்றைச் சொல்ல மற்றது அவிழும். இரண்டையும் சொல்லாமல், குவளையைக் கழுவி வைத்துவிட்டு எழும்பி வந்தாள்.

வந்தது நேரே என் வளவுக்கு.

“நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே ஐயா? எழுதித் தாங்கோ. பள்ளிக்கூடத்தில கூட்டிற கடதாசியெல்லாம் அவா வாசிச்சுப் போட்டுத்தான் எரிக்கிறவா. குடுத்தால் வாசிப்பா. என்னால வாயால சொல்லேலாது.”

மேலே கடதாசியைப் பற்றிய அந்த வாக்கியத்தைக் கவனமாக வாசியுங்கள். நான் கவனிக்கவில்லை. சொன்னவரும் கவனிக்கவில்லை.

6

மூன்று முடிவு எழுதினேன்.

முடிவு அ. வீரம்மா கோபப்படுகிறார். விளக்குமாறு பறக்கிறது. ‘எம் புள்ளைக்கு வெசத்தக் குடுத்திட்டியே’ என்கிறார். ஊர் இரண்டுபடுகிறது. மூக்கன் வந்து, தண்ணீர் தெளித்து, சீற்றைக் கழற்றி இறக்குகிறான். சாரங்கா இடமாற்றம் கேட்டுப் பளைக்குப் போகிறாள். [உணர்ச்சி கூடிவிட்டது.]

முடிவு ஆ. வீரம்மா மன்னிக்கிறார். இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். சீற்றைக் கழற்றி, இருவருமாகப் பொலித்தீன் சுற்றிக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோகிறார்கள். [வாசிக்க நல்லாயிருக்கிறது. நம்ப முடியவில்லை.]

முடிவு இ. சீற்றுகளை அடுத்த நாளே கழற்றிவிடுகிறார்கள். முப்பது வருடம் கழிகிறது. வவுனியாவில் ஓர் ஆஸ்பத்திரியின் பச்சை நிற மர வாங்கில் உட்கார்ந்து, நெஞ்சுப் படம் பிடித்த பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு யதுர்ஷிகா காத்திருக்கிறாள். பெயரைக் கூப்பிடுகிறார்கள். எழும்புகிறாள். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் கதை முடிகிறது.

உண்மையைச் சொன்னால், மூன்றாவதை எழுதிவிட்டு நான் பெருமையோடு எழும்பி நடந்தேன். இரண்டு தரம் எனக்கே வாசித்துக் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை தாள்களைச் சாரங்காவிடம் கொடுத்தேன், பிழை இருந்தால் பார்க்கச் சொல்லி. அவர் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு மூன்று இடத்தில் திருத்தி, புதுத் தாளில் வடிவாக எழுதினார். என் கையெழுத்துப் பிரதியைக் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்ததே! குப்பைக் கூடைக்கு மேல் நேராக மடித்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

7

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வீரம்மா என் வளவுக்கு வந்தார். சைக்கிள் கூடையில் ஒரு பை. கையில் என் தாள்கள்.

இந்தப் பகுதியை எழுத நான் திட்டமிடவில்லை. கதைக்குள் இருக்க வேண்டியவர் வெளியே வந்து படலையைத் திறந்தால் எழுதுகிறவன் என்ன செய்வான்? “வாங்கோ, இருங்கோ” என்றேன். இருக்கவில்லை.

“சார், அஞ்சு இல்லைங்க. ஒம்பது.”

“என்னது?”

“துண்டு.” பைக்குள்ளிருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்து, அதற்குள்ளிருந்து ஏழு கடதாசித் துண்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். ஏழிலும் சாரங்காவின் குண்டுக் கையெழுத்தில் வீரம்மா, வீரம்மா. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ‘சரியான விடையைத் தெரிவு செய்க’ என்று அச்சடித்திருந்தது. “அன்னைக்கு மீட்டிங் முடிஞ்சு ஹாலக் கூட்டுறப்ப டின்னுக்குள்ள கெடந்துச்சு. ஏழு இங்க. எனக்கு வாசிச்சது ஒண்ணு. உங்க பேரச் சொல்லி வாசிச்சாங்களே, அது ஒண்ணு.”

“அப்ப உங்களுக்கு அண்டைக்கே தெரியுமே?”

“தெரியும் சார்.”

“பிறகேன் தேங்காய் உடைச்சனீங்கள்?”

“டீச்சருக்காகத்தான் ஒடச்சேன். அவங்க நல்லாருக்கணும்னு. புள்ளையாருக்குன்னு நீங்கள்லாம் நெனச்சுக்கிட்டீங்க.” ஒரு துண்டின் மூலையை விரலால் நேராக்கினார். “எனக்குன்னு ஒருத்தர் களவு செஞ்சது அதுதான் சார் மொதல் தடவ. அத நான் எப்பிடி வெளிய சொல்லுவேன்?”

நான் திருப்பிப் பார்த்த துண்டை மறுபடி வரிசையில் வைத்தேன். 

பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டியிருந்தது. மேலே ஒரு தாள் ஒட்டி, ‘அஸ்பெஸ்டஸ் சில்லு’ என்று எழுதியிருந்தது. பந்தி 4-ஐ எங்கள் ஊரில் சொல்லுக்குச் சொல் பின்பற்றிய முதல் ஆள் அவர்தான். அதோடு அந்தக் கம்பிப் பிறஷ். “இதையும் வச்சுக்கங்க சார். வீட்ல கெடந்தா என் கை சும்மா இருக்காது.” பிறஷை மேசைக்குக் கீழே தள்ளி வைத்தார். “புள்ள மூணு நாளு அதத் தேச்சிருக்கா. நான் ஆறு மாசம் அவ தலைக்கு மேல தேச்சிருக்கேன். இனி என்ன சார் ஆகும்?”

“ஒண்டும் ஆகாமலும் போகலாம், வீரம்மா.”

“அதத்தான் நீங்களும் எழுதியிருக்கீங்க. அத வச்சுக்கிட்டு நான் எப்பிடித் தூங்குறது?”

 தெரியாது என்றுதான் சொன்னேன்.  பிறகு அவர் என் தாள்களின் கடைசிப் பக்கத்தை எடுத்து விரலை வைத்தார்.

“இந்த மூணாவது முடிவு. ஒங்க கதை நல்லாருக்கறதுக்கு எம் மக ஆசுபத்திரியில ஒக்காரணுமா சார்?”

நான் அந்தப் பக்கத்தைத் திருப்பப் போனேன், அவர் விரலை எடுக்கவில்லை.

“அது போவட்டும். மூணு முடிவு எழுதியிருக்கீங்க. ஒண்ணுல நான் சண்ட போடுறேன், ஒண்ணுல அழுவுறேன், ஒண்ணுல முப்பது வருசம் போயிருது. மூணுலயும் கூரையக் கழட்டுறீங்க. சரி, கழட்டத்தான் வேணும். நானே சொல்றேன். ஆனா ஒண்ணுலயாச்சும் திரும்ப எதையாவது போட்டீங்களா?”

தாள்களை வாங்கிப் புரட்டினேன். பிழை பிடிக்கப்பட்ட பிள்ளைபோல முதலிலிருந்து கடைசிவரை தேடினேன். கோபம் இருந்தது, கண்ணீர் இருந்தது, ஆஸ்பத்திரி வாங்கின் நிறம்கூட இருந்தது. கூரை இல்லை. சுற்றுநிருபத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஏழு பந்தி. அதிலும் இல்லை.

“ஐப்பசியில மழ வந்துரும் சார்” என்றார் வீரம்மா.

வளவின் மூலையில் என் தகரக் கொட்டில் நின்றது. எட்டுத் தகரம், மழைக்கு ஒழுகாத நல்ல தகரம். அதற்குக் கீழ் என் புத்தகப் பெட்டிகள். நான் அதைப் பார்த்தேன். அவரும் நான் பார்த்த பக்கம் பார்த்தார்.

“வீரம்மா, நான் ஒண்டு செய்யலாமெண்டு யோசிக்கிறன். முடிவை மாத்தி, நாலாவதாய் ஒண்டு எழுதி—”

“எழுதாதீங்க சார்.” முதல்தரமாகக் குரலில் ஒரு வேகம் இருந்தது. “எழுதிட்டீங்கன்னா செஞ்ச மாதிரி ஆயிரும்.”

சைக்கிளை உருட்டிக்கொண்டு படலை வரை போனவர் திரும்பி, “டீச்சர்கிட்ட நானே பேசிக்கிறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்” என்றார். ஏழு துண்டுகளையும் திரும்ப எடுத்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனார். அவற்றை ஏன் கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை.

8

ஆகவே வாசகரே, அதாவது வீரம்மா இல்லாத வாசகரே, இந்தக் கதையை வாசிக்க வேண்டியவர் வாசித்து, திருத்தி, திருப்பித் தந்துவிட்டார். மிஞ்சியது நீங்கள்தான். உங்களுக்கு ஒரு முடிவு தர எனக்கு ஆசைதான். வெள்ளிக்கிழமையே மூக்கன் வந்துவிட்டான். கழற்றுவதென்றால் எப்படி நனைப்பது, ஆணியை எப்படி உடைக்காமல் எடுப்பது, யார் யார் மாஸ்க் கட்டுவது, பிள்ளையை அன்று எங்கே விடுவது என்று அவனும், வீரம்மாவோடு பேசிவிட்டு வந்த சாரங்காவும், நானும் சுற்றுநிருபத்தை விரித்து வைத்துக்கொண்டு இருட்டும்வரை கதைத்தோம். ஒருவரும் மற்றவர் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை. சீற் வாங்கிய மற்றப் பத்து வீட்டையும் என்ன செய்வது என்று சாரங்கா கேட்டபோது, நான் சுற்றுநிருபத்தை மறுபடியும் முதல் பந்தியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

சனிக்கிழமை காலையில் மூக்கனும் நானும் கொட்டிலுக்குள் இருந்த புத்தகப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து —

இல்லை. எழுத மாட்டேன்.

தர்மபுரம் பக்கம் வந்தால், பள்ளிக்கூட மதிலோடு போகிற மண் ஒழுங்கையில் திரும்புங்கள். வலக்கைப் பக்கம் நாலாவது வளவு, வீரம்மாவுடையது. நிமிர்ந்து, கூரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஐப்பசிக்குப் பிறகு வந்தால் இன்னும் நல்லது.